பழைய டிராக்டரில் ஹைட்ராலிக் கப்ளிங் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடிப் பட்டத்துக்கு முன், எரு அடிக்கிற நேரத்தில் காட்பாடிப் பக்கப் பட்டறைகளுக்குக் கப்ளிங் வேலை நிறைய வரும். டிராக்டரின் ஹைட்ராலிக் ஆயிலை டிரெய்லர், கலப்பையின் ஹோஸோடு சேர்க்கும் இரண்டு பாதி இணைப்புதான் கப்ளிங். டிப்பிங் டிரெய்லர் தூக்கவில்லை, ரிவர்சிபிள் கலப்பை திரும்பவில்லை, ஆயில் சொட்டுகிறது. புதிதாக வேலை பழகும் பையன்கள், நாங்கள் அந்த வயதில் செய்த தவறுகளையே செய்கிறார்கள். சுத்தம், ஸ்பேனர் அளவு எல்லாம் யாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அழுத்தத்தோடு கழற்றுவது

டிரெய்லரை முழுதாக இறக்குங்கள், இன்ஜினை நிறுத்துங்கள், ஹைட்ராலிக் லீவரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அப்புறம்தான் ஸ்பேனர்.

மரை பார்க்காமல் ஏற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. கடையில் “அரை இஞ்ச் கப்ளிங்” என்று மட்டும் கேட்டால் பிரிட்டிஷ் அளவான பி.எஸ்.பி. மரையும் வரலாம், அமெரிக்க அளவான என்.பி.டி. மரையும் வரலாம். கால் இஞ்சிலும் 3/8 இஞ்சிலும் பி.எஸ்.பி.க்கு இஞ்சுக்கு 19 மரை, என்.பி.டி.க்கு 18. அதனால் மாற்றி ஏற்றினால் சீக்கிரமே சிக்கிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டுக்குமே 14. ஆனால் மரையின் கோணம் பி.எஸ்.பி.யில் 55 டிகிரி, என்.பி.டி.யில் 60. என்.பி.டி. நுனி நோக்கி ஒடுங்கியும் இருக்கும். டிராக்டரின் வால்வு பாடியில் கப்ளிங் ஏறும் துளைதான் போர்ட்; ஒடுங்காத நேர் மரை உள்ள போர்ட்டில் அது சில சுற்று ஏறி இறுகும். நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்து, ஸ்பேனரில் பைப்பைச் சொருகி இழுப்பார்கள். மரத்தில் ஆப்பு இறங்குவது போல அது வால்வு பாடியின் வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும்.

அணைக்கட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் இப்படி ஏற்றிய வண்டியைக் கொண்டுவந்தார். சும்மா நிற்கும்போது கசிவே இல்லை. பாரம் தூக்கினால் ஆயில் வழிந்தது. மரையில்தான் கசிகிறது என்று ஒவ்வொரு முறையும் இன்னும் இறுக்கியிருக்கிறார்கள், விரிசல் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. அந்த மாடலுக்கு வால்வு பாடி புதிதாகக் கிடைக்கவில்லை. வெல்டிங் வைத்த வார்ப்பிரும்பை அந்த அழுத்தத்தில் நம்ப முடியாது. பழைய பாடி தேடிப் பிடிப்பதற்குள் அவருக்கு எரு அடிக்கும் பருவமே போய்விட்டது. ஒரு சின்னக் கப்ளிங்கால்!

பழைய கப்ளிங்கைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். வெர்னியர் அளவுகோலில் அரை இஞ்ச் பி.எஸ்.பி. மரையின் வெளிவிட்டம் ஏறக்குறைய 20.9 மி.மீ. காட்டும், 22 காட்டினால் அது மெட்ரிக்காக இருக்கலாம். முன்பு மாட்டியவரே தவறாக மாட்டியிருக்கலாம் என்பதால் போர்ட்டையும் சோதிக்க வேண்டும். சரியான நேர் மரை, வாசர் உட்காரும்வரை கையாலேயே ஏறும். ஏறவில்லையா, நிறுத்திவிடுங்கள்.

நேர் மரைக்கு டெஃப்லான் டேப்

வேண்டாம். கசிவைத் தடுப்பது ரப்பர் விளிம்புள்ள வாசர்தான். பிய்ந்த டேப் வால்வுக்குள் போய்ச் சிக்கும்.

பொருந்தாத ஜோடி

ஒரு பாதியை மட்டும் மாற்றினால் உள் வால்வு முழுதாகத் திறக்காமல் போகலாம். தூக்கிய டிரெய்லர் இறங்கவில்லை என்றால் சிலிண்டரைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்கள்.

சுத்தியல்

வேலூர் வெயிலில் கிடந்த ஹோஸுக்குள் ஆயில் விரிந்து கப்ளிங் ஏற மறுக்கும். அடித்தால் வாய் நசுங்கும். நிழலில் ஆறவிடுங்கள்.

கசிவைக் கையால் தேடுவது

அட்டையை வைத்துத் தேடுங்கள். ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலுக்குள் போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போய்விட்டது என்று சொல்லுங்கள். அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். தாமதித்தால் விரலே போகலாம்.