சென்டாரஸ் எக்ஸ்-3: இரண்டு நாளுக்கொரு முறை வரும் கிரகணத்தைத் தரவில் பிடிப்பது எப்படி?

சென்டாரஸ் எக்ஸ்-3 ஓர் எக்ஸ்-கதிர் இரட்டை, அதாவது ஒன்றையொன்று சுற்றிவந்து எக்ஸ்-கதிரை உமிழும் விண்மீன் ஜோடி. அதிலுள்ள நியூட்ரான் விண்மீன் 2.087 நாளுக்கு ஒருமுறை தன் பெரிய துணைக்குப் பின்னால் போய் மறையும். அப்போது எக்ஸ்-கதிர் ஏறக்குறைய அடங்கிவிடும். 1970களின் தொடக்கத்தில் உகுரு செயற்கைக்கோள் காட்டிய இந்தச் சுற்றை இன்று நம் கணினியிலேயே கண்டுபிடிக்கலாம். பைத்தான் ஓரளவு தெரிந்திருந்தால் போதும்.

படி 1: தரவு

2009 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இயங்கும் மாக்ஸி கருவியின் தளத்தில் ஒளி வளைவுகள் (நேரத்தோடு பிரகாசம் மாறுவதன் பதிவு) இலவசமாகக் கிடைக்கின்றன. நாள் சராசரிக் கோப்பு ஒன்று, நிலையத்தின் ஒரு சுற்றுக்கு (சுமார் 90 நிமிடம்) ஒரு புள்ளி தரும் கோப்பு ஒன்று. இரண்டாவதை எடுங்கள்.

நான் முதலில் எடுத்தது நாள் சராசரி. சின்னக் கோப்பு, பார்க்கவும் சுத்தமாக இருந்தது. ஆனால் சுற்றுக் காலத்தைத் தேடியபோது (படி 3) வரைபடத்தில் 2.087 நாளில் ஒரு முகடு, 1.92 நாளில் கிட்டத்தட்ட அதே உயரத்தில் இன்னொன்று! நிரலில்தான் பிழை என்று இரண்டு இரவுகள் தேடினேன். பிழை நிரலில் இல்லை. 2.087 நாள் என்றால் நாளுக்கு 0.479 சுற்று. நாளுக்கு ஒரு புள்ளிதான் இருக்கிறது என்றால் 0.479-ஐயும் 1 − 0.479 = 0.521-ஐயும் கணிப்பால் பிரித்தறிய முடியாது. அந்த 0.521தான் 1.92 நாள். சுற்றுவாரிக் கோப்பைக் கொடுத்ததும் போலி முகடு போய்விட்டது.

படி 2: வடிகட்டல்

பிழை மதிப்பு மிகப் பெரிதாக உள்ள புள்ளிகளை நீக்குங்கள். இந்த மூலம் மாதக்கணக்கிலும் மங்கிப் பிரகாசிக்கும்; அந்த மெதுவான ஏற்ற இறக்கத்தை நகரும் இடைநிலையால் (ஒவ்வொரு புள்ளிக்கும் அதைச் சுற்றியுள்ள புள்ளிகளின் நடு மதிப்பு) கழித்துவிடுங்கள்.

படி 3: தேடல்

ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் நூலகத்திலுள்ள லாம்ப்-ஸ்கார்கிள் (திரும்பத் திரும்ப வரும் காலத்தைத் தேடும் முறை) போதும். தரவில் இடைவெளிகள் இருப்பதால் சாதாரண ஃபூரியே மாற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1 முதல் 5 நாள் வரை தேடுங்கள். 1.04 நாளிலும் ஒரு முகடு வந்தால் பயப்பட வேண்டாம். கிரகணம் சைன் அலை மாதிரி இல்லாமல் பெட்டி மாதிரி விழுவதால் பாதிக் காலத்திலும் எதிரொலிக்கும்.

படி 4: மடித்தல்

கிடைத்த காலத்தில் தரவை மடித்து (எல்லாச் சுற்றுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி) 20 கட்டங்களாகப் பிரியுங்கள். இங்கே காலம் துல்லியமாக இருக்க வேண்டும். 0.001 நாள் பிசகினால் 1000 நாளில் சுமார் 479 சுற்றுகள், மொத்தம் அரை நாள் நழுவிவிடும். கிரகணத்தின் தட்டையான அடிப்பகுதி கரைந்துவிடும். அதனால் முகட்டைச் சுற்றி மட்டும் நெருக்கமான இடைவெளியில் மறுபடி தேடுங்கள்.

பின்சேர்க்கை: இதே முறையை ஹெர்குலஸ் எக்ஸ்-1 என்ற இன்னோர் எக்ஸ்-கதிர் இரட்டைக்குப் போட்டுப் பார்த்த ஒரு வாசகர், அதன் சுற்றுக் காலமான 1.7 நாளுக்குப் பக்கத்தில் 1.62, 1.79 என்றும் முகடுகள் வருவதாக எழுதியிருந்தார். அது சுமார் 35 நாள் சுழற்சியில் பிரகாசமாவதும் மங்குவதுமாக இருக்கும் மூலம். அந்த 35 நாளும் 1.7 நாளும் கலந்துதான் பக்க முகடுகள் வருகின்றன. பிரகாசமான நாட்களை மட்டும் எடுத்து மடித்தால் கிரகணம் தெளிவாகத் தெரியும்.