உள்ளூர் கோர்ட்டைக் கவனிக்க ஒரு குழு: எங்கிருந்து தொடங்குவது

நீதி கிடைக்கவில்லை என்று நாலு பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினால், பெரும்பாலும் முதல் வேலையாக லெட்டர்பேடு அடிக்கிறார்கள், அடுத்து கலெக்டருக்கு ஒரு மனு, அதோடு சரி. மனுவில் "பொதுமக்கள் அவதிப்படுகிறார்கள்" என்று இருக்கும். எத்தனை பேர், எந்தக் கோர்ட்டில், எதனால் என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பதிலைத் திரட்டுவதுதான் குழுவின் வேலை. அதற்குத் தேவை ஒரு நோட்டு, ஒரு பேனா, வாரத்தில் ஒரு நாள் உட்காரப் பொறுமை உள்ள ஐந்தாறு பேர்.

கோர்ட்டுக்குள் யார் வேண்டுமானாலும் போகலாமா என்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம். போகலாம். குற்ற வழக்கு விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, இப்போது அது பி.என்.எஸ்.எஸ். என்கிற குற்ற வழக்கு நடைமுறைச் சட்டத்தின் 366-வது பிரிவு. பாலியல் வன்முறை வழக்குகளும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகளும் மூடிய அறையில் நடக்கும், அங்கே எட்டிப் பார்க்கக் கூடாது. மற்ற வழக்குகளிலும் நீதிபதி வெளியே இருக்கச் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம், நேரத்தைக் குறித்துக்கொண்டு எழுந்து வாருங்கள். போனை அணைத்துவிடுங்கள், படமும் ஒலிப்பதிவும் கூடவே கூடாது. உள்ளே நுழைந்ததும் பெஞ்ச் கிளார்க்கிடம் யார் நீங்கள், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டால் கோர்ட் சேவகரான டவாலியின் முறைப்பு பாதி குறையும்.

எல்லா வழக்கையும் கவனிக்க நினைத்தால் ஒரு மாதத்தில் சலித்துப்போகும். என் யோசனை: மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ரிமாண்டை, அதாவது போலீஸ் கொண்டுவந்து நிறுத்தும் கைதானவரைக் காவலில் வைக்க நீதிபதி உத்தரவிடுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பா ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டு, ரிமாண்டாகி, கோவில்பட்டி கிளைச் சிறையிலிருந்து மருத்துவமனைக்குப் போய் இறந்தார்கள். அந்த ரிமாண்ட் எப்படி நடந்தது என்ற கேள்வி அப்போது நாடு முழுக்க எழுந்தது. ரிமாண்ட் பல நேரம் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் கவனிக்க வேண்டியவை நிறைய. கைதானவருக்கு வக்கீல் இருந்தாரா, இல்லையென்றால் சட்ட உதவி வக்கீலைக் கூப்பிட்டார்களா? எதற்காகக் கைது என்று அவருக்குச் சொன்னார்களா, வீட்டுக்குத் தகவல் போனதா? "போலீஸ் அடித்தார்களா" என்று நீதிபதி கேட்டாரா, கேட்டபோது போலீஸ்காரர் எவ்வளவு தள்ளி நின்றார்? தோளை உரசிக்கொண்டு காவலர் நிற்கும்போது "இல்லைங்க ஐயா" என்று வரும் பதிலுக்கு என்ன மதிப்பு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதையும் அப்படியே எழுதுங்கள், கருத்து சேர்க்காமல். நொண்டி நடந்தார் என்றால் "நொண்டி நடந்தார்" என்று எழுதினால் போதும், "சித்திரவதை" என்று எழுதுவது உங்கள் வேலை இல்லை. ஒன்று, விடுமுறை நாளிலும் இரவிலும் ரிமாண்ட் நீதிபதி வீட்டில் நடக்கும். அது உங்கள் கணக்கில் வராது என்பதை அறிக்கையிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஜாமீன். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடக்கும் கூலித் தொழிலாளிகள், வெளிமாநிலத்துக்காரர்கள்தான் உங்கள் குழு உடனே உதவக்கூடியவர்கள். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால் கோர்ட் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். ரிமாண்ட் தேதியிலிருந்து குற்றப்பத்திரிகை 60 நாளில், பத்தாண்டோ அதற்கு மேலோ சிறை உள்ள பெரிய குற்றமானால் 90 நாளில் வரவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகவே வந்துவிடும், ஆனால் கேட்டால்தான். இந்தத் தேதியைப் பல குடும்பங்கள் தவறவிடுகின்றன. நீங்கள் நோட்டில் ரிமாண்ட் தேதியைக் குறித்திருப்பதால் உங்களுக்குத் தெரியும்.

தெரிந்ததும் நேராக ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், பெரும்பாலும் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், இலவச எண் 15100. காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு அது. நீங்களாக எந்த வக்கீலையும் சிபாரிசு செய்யாதீர்கள். செய்தால் அன்றோடு நீங்கள் புரோக்கர்.

மூன்று நான்கு மாதக் குறிப்பு சேர்ந்த பிறகு இரண்டு பக்க அறிக்கை எழுதுங்கள். இத்தனை ரிமாண்ட் பார்த்தோம், இத்தனை பேருக்கு வக்கீல் இல்லை, அவ்வளவுதான். பெயர்கள் வேண்டாம், நீதிபதியின் நோக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம், நடந்துகொண்டிருக்கும் வழக்கில் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தால் குழு அதோடு சிதறும். அறிக்கையை முதலில் முதன்மை மாவட்ட நீதிபதிக்குக் கொடுங்கள். ஆணைக்குழுவுக்குத் தலைவர் அவர்தான், விசாரணைக் கைதிகளை மறுபரிசீலனை செய்யும் குழுவுக்கும் தலைவர் அவர்தான். பத்திரிகைக்கு அப்புறம் கொடுக்கலாம்.

சங்கப் பதிவை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்கு ஏழு பேர் போதும். சந்தா உறுப்பினர்களிடம் மட்டும் வாங்குங்கள், வழக்கில் இருக்கும் குடும்பம் நன்றிக்காக நீட்டும் நூறு ரூபாயைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.