சிறைச் சமையலறைக்கு டெண்டர் எழுதுவது எப்படி?

சரக்கு சரியில்லை என்றால் வெளியில் இருப்பவர் அடுத்த கடைக்குப் போவார். சிறையில் தட்டு ஏந்துபவருக்கு அந்த வழி இல்லை. வாங்குபவர் ஒருவர், சாப்பிடுபவர் வேறொருவர். ஆகவே சோதனை முழுவதும் டெண்டர் தாளிலும் வாசல் தராசிலும்தான் நடந்தாக வேண்டும்.

முதலில் அளவு. சிறையின் கொள்ளளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கடந்த 12 மாத லாக்கப் பதிவேட்டை, அதாவது அன்றன்று உள்ளே இருந்த கைதிகளின் எண்ணிக்கைக் குறிப்பை எடுங்கள். சராசரி 800 பேர், தலைக்கு நாளொன்றுக்கு 400 கிராம் தானியம் என்றால் 320 கிலோ. எண்ணிக்கை 720க்கும் 900க்கும் நடுவே ஏறி இறங்கியிருந்தால் 288 முதல் 360 கிலோ. இரண்டு எல்லையையும் டெண்டரிலேயே போட்டுவிடுங்கள். மறைத்தால், தெரியாத அளவுக்கும் சேர்த்து விலை ஏற்றித்தான் ஒப்பந்தப்புள்ளி வரும்.

சமைத்த உணவைத் தலைக்கு இவ்வளவு விலை என்று ஒப்பந்தம் விட்டால் அலுவலகத்துக்கு வேலை மிச்சம்தான். ஆனால் கரண்டி சிறுத்தால் லாபம் பெருகும் ஏற்பாடு அது. வேறு வழியில்லை என்றால் பரிமாறும் எடையையும், அதை யார் எப்போது நிறுத்துப் பார்ப்பது என்பதையும் எழுதுங்கள். கைதிகளை நடத்தும் முறைக்காக ஐ.நா. 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 35-ஆவது, மருத்துவரோ பொதுச் சுகாதார அமைப்போ உணவின் அளவையும் தரத்தையும் தவறாமல் ஆய்வு செய்யச் சொல்கிறது. அந்த ஆய்வுக் குறிப்பு இணைக்காத பில் பாஸாகாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

'நல்ல தரம்' என்று மட்டும் எழுதினால் எந்த மூட்டையையும் திருப்பி அனுப்ப முடியாது. ஈரப்பதம், உடைசல், கல்-தூசி மூன்றுக்கும் உச்ச சதவீதம் வேண்டும். ஏற்ற மாதிரியை மூன்று பொட்டலமாக்கி, இரு தரப்பும் கையெழுத்திட்டு அரக்கு வையுங்கள்: சப்ளையருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, சரக்கு இறக்கும் இடத்துக்கு ஒன்று. கடைசிப் பொட்டலத்தைத்தான் எளிதில் மறப்பார்கள். சரக்கைப் பார்த்து வாங்குபவரோ அங்கேதான் நிற்கிறார்.

எடை போடும்போது வெறும் சாக்கைத் தனியே நிறுத்துக் கழியுங்கள். மூட்டைக்கு 600 கிராம் குறைந்தால் 40 மூட்டையில் 24 கிலோ, அதாவது 60 பேரின் ஒரு நாள் பங்கு.

தலை எண்ணும் நேரத்தில் வாசல் திறக்காது. பால் வண்டி அப்போது வந்தால் வெயிலில் நிற்கும், திரிந்த பாலுக்கு யார் பொறுப்பு என்று சண்டை வரும். வரவேண்டிய நேரம், அதிகபட்சக் காத்திருப்பு, அதைத் தாண்டினால் நஷ்டம் யாருக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். வண்டி எண்ணும் ஓட்டுநர் பெயரும் முந்தைய நாளே வாசலுக்குப் போயிருக்கட்டும்.

கேன்டீன், தொலைபேசி ஒப்பந்தங்களில் சிறைக்கு அதிகக் கமிஷன் தருபவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தக் கமிஷன் கைதியின் குடும்பம் கொடுக்கும் விலையிலிருந்துதான் வருகிறது. விற்பனை விலை யாருடையது குறைவோ அவருக்கே கொடுங்கள்.