பல் செட்டு கட்டப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தை மாதம் சம்பா அறுத்து, நெல் போட்ட காசு கைக்கு வந்ததும் எங்கள் மன்னார்குடிப் பக்கம் கல்யாணங்கள் களைகட்டும். கூடவே, கல்யாணத்துக்காக அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பல் செட்டு. பல் மருத்துவராக வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆட்கள்தான் மாறுகிறார்கள், தவறு மாறுவதில்லை. செட்டைக் கீழே போடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பிடுங்கிய கையோடு செட்டு

"முகூர்த்தத்துக்குப் பதினைஞ்சு நாள்தான் இருக்கு. மிச்சப் பல்லையும் எடுத்துட்டு செட்டைப் போட்டு விட்டுடுங்க." இதைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

பல் போனதும் அதைத் தாங்கிய தாடை எலும்பு கரைய ஆரம்பிக்கும். முதல் சில மாதங்கள் வேகமாக, அப்புறம் மெதுவாக. அது நிற்பதே இல்லை. ஆறாத ஈறுக்கு அளவெடுத்துச் செய்த செட்டு மூன்று மாதத்தில் தொளதொளவென்று ஆடும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். சில வருஷத்துக்கு முன் மகள் கல்யாணத்துக்காக வேறோர் இடத்தில் அவசரமாகக் கட்டிய செட்டு. கீழ் செட்டைக் கழற்றித் தரச் சொன்னேன். உள்பக்கம் நெடுகப் பஞ்சு, வெற்றிலைச் சாறு ஊறிச் செங்கல் நிறத்தில். "இதை வச்சாத்தான் தம்பி நிக்குது" என்றார். ஆடுகிற செட்டு அழுத்தி அழுத்தி, அடியிலிருக்கும் எலும்பை இன்னும் தேய்க்கும். அவருடைய கீழ்த்தாடை மேடு கிட்டத்தட்டத் தட்டையாகிவிட்டது. இனி என்ன செட்டு செய்தாலும் உட்கார இடமில்லை. கெட்டியாக இருந்த இரண்டு கோரைப் பற்களையும், செட்டு ஒரே சீராக இருக்கட்டும் என்று சேர்த்தே பிடுங்கச் சொன்னாராம். அந்த வேர்கள் இருந்திருந்தால் எலும்பும் தங்கியிருக்கும், செட்டுக்கும் பிடிமானம் கிடைத்திருக்கும்.

கல்யாணம் முக்கியம்தான், சரி. தற்காலிகம் என்று தெரிந்தே ஒரு செட்டு போட்டுக்கொள்ளுங்கள். ஈறு ஆற ஆற, உள்பக்கம் மெத்தென்ற பூச்சு வைத்து இறுக்கிக் கொடுப்போம். இரண்டு மூன்று மாதம் கழித்துப் புதிதாக அளவு கொடுங்கள். காசு இடித்தால் சிதம்பரத்தில், முன்பு ராஜா முத்தையா என்றிருந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

மெழுகுச் செட்டைப் பார்க்காமல் தலையாட்டுவது

பல்லை மெழுகில் அடுக்கி வாயில் வைத்துக் காட்டும் நாளில் வீட்டு ஆளைக் கூட்டி வாருங்கள். பல் பெரிது, உதடு தூக்குகிறது என்பதையெல்லாம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். மெழுகு போய் அக்ரிலிக்காக, அதாவது கெட்டிப் பிளாஸ்டிக்காக மாறியபின் சொன்னால் மறுபடி முதலிலிருந்துதான்.

செட்டின் அண்ணப் பகுதியை வெட்டச் சொல்வது

மேல் செட்டு அண்ணம் முழுக்கப் படிந்து, ஓரத்தில் காற்று புகாமல் இருப்பதால்தான் கவ்வி நிற்கிறது. வெட்டினால் சோறு மெல்லும்போதே இறங்கிவிடும்.

வெந்நீர்

செட்டு வளைந்துவிடும்.

டூத்பேஸ்ட்

கீறும். சோப்புத் தண்ணீர் போதும்.

ராத்திரியும் போட்டுக்கொண்டே தூங்குவது

அண்ணம் சிவந்து பூஞ்சை பிடிக்கும். கழற்றித் தண்ணீரில் போடுங்கள்.

புண் ஆறியபின் வருவது

குத்தியதும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, பத்து நாள் கழித்து ஆறிய வாயோடு வருவார்கள். எங்கே குத்தியது என்று எனக்கு எப்படித் தெரியும்? வலித்தால் கழற்றி வையுங்கள். வருவதற்கு முதல் நாள் மாட்டிக்கொள்ளுங்கள். சிவந்த இடம் தெரியும், அங்கே மட்டும் தேய்த்துத் தருவேன். வீட்டில் அரத்தை எடுத்து நீங்களே ராவ வேண்டாம்.