வன்னியில் வீடு கொடுக்க அவசரப்படுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே வன்னியில், 2023 மார்ச்சிலிருந்து உறுப்பினர்கள் இல்லாமல் சபைச் செயலாளர்களே நடத்திவந்த பிரதேச சபைகளுக்கு, 2025 மே 6 தேர்தலோடு மறுபடி உறுப்பினர்கள் வந்தார்கள். வட்டாரத்தில் கால் வைத்ததுமே அவர்களுடைய காதில் விழுவது, “எங்களுக்கு ஒரு வீடு எடுத்துத் தாங்கோ” என்பதுதான். “எடுத்துத் தாறன்” என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுவதுதான் முதல் தவறு.

சபையிடம் காணியும் இல்லை, வீட்டுக்காசும் இல்லை. அரச காணி, பிரதேச செயலாளர் என்ற அரச அதிகாரியின் கையில். காசு வீடமைப்பு அதிகார சபையிடமிருந்தோ அமைச்சிடமிருந்தோ வர வேண்டும். சபைக்கு உரியவை கட்டட அனுமதி, உள்வீதி, பொதுக்கிணறு, தெருவிளக்கு போன்றவை. அதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒழுங்கைக்குள் டிப்பர் போகாவிட்டால் மணலைப் பெரிய றோட்டிலேயே கொட்டிவிட்டுப் போவான். பிறகு லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரம் பிடித்து உள்ளே ஏற்ற வேண்டும். அந்தக் கூலி வீட்டுக்காசிலிருந்துதான் போகும். வீடு எடுத்துத் தர முடியாத உறுப்பினர் அந்த ஒழுங்கைக்குக் கிரவல் போட்டுக் கொடுக்கலாமே.

அடுத்தது, பயனாளிப் பட்டியலை முதலில் போட்டுவிட்டுக் காணியைப் பிறகு பார்ப்பது. ஒரு நல்ல மேசன் இருந்தால் சின்ன வீடு சில மாதங்களில் எழும்பிவிடும். வருடங்களைத் தின்பது காணிக் கோப்பு. பெர்மிட், அதாவது அரச காணிக்கான அனுமதிப்பத்திரம், பேரனாரின் பெயரில் இருக்கும், அல்லது வன இலாகாவின் எல்லைக்கல் கிணற்றடி வரை வந்திருக்கும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில், அடுத்த தலைமுறை தலையெடுத்த பிறகும் பத்திரம் இல்லாதவர்கள் உண்டு. “காணிப் பிரச்சினையை முடிச்சிட்டு வாங்கோ” என்று அவர்களைத் திருப்பி அனுப்பினால் திட்டம் வேறு கிராமத்துக்குப் போய்விடும். காணி உத்தியோகத்தர், நில அளவையாளர், கிராம அலுவலர் மூவரும் ஒரே நாளில் ஊருக்கு வரும் நடமாடும் சேவையைப் பட்டியலுக்கு முன்னரே வைக்க வேண்டும்.

இதில் என்னால் பொறுக்க முடியாத ஒன்று உண்டு. பெர்மிட் கணவரின் பெயரில் இருக்கும். அவர் 2009 இறுதிப் போரில் காணாமற்போனவராக இருப்பார். “மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாங்கோ” என்று மேசைக்குப் பின்னால் இருந்து சொல்வது சுலபம். அவரைத் தேடிப் படத்தோடு தெருவில் நிற்கிற மனுசியிடம், அவர் செத்துப்போனார் என்று ஒப்பமிடச் சொல்லும் வேலை அது. காணாமற்போனவர் என்றே தனிச் சான்றிதழ் பெற 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி வைத்திருக்கிறது. முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

பட்டியலில் வழக்கமாக விடுபடுகிறவர்களையும் பாருங்கள். ஆட்தொகைக்குப் புள்ளி போட்டால் தனியாக இருக்கிற ஆச்சி கீழே போய்விடுவார். கலியாணம் முடித்துத் தாய்வீட்டு விறாந்தையில் காலம் தள்ளும் உப குடும்பம் கணக்கிலேயே வராது.

காசு வரும் காலம் இன்னொரு தலைவலி. அரச நிதியாண்டு டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் செலவழிக்காத காசு திறைசேரிக்குத் திரும்பிவிடும். அதனால் ஒக்டோபர், நவம்பரில் திடீரென்று “அத்திவாரம் வெட்டுங்கோ” என்பார்கள். வன்னியில் அது மாரி. மாரி மழையை நம்பிய காலபோக நெல் விதைப்பும் அப்போதுதான். கூலிக்கு ஆள் கிடைக்காது, வெட்டின கிடங்கில் தண்ணீர் நிற்கும். அதற்கு முந்தின சிறுபோக நெல் வெட்டி முடியும் நேரத்துக்குச் சீமெந்துக் கல் அரிந்து அடுக்கியிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது. ஒரு வீடு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. வெயிலுக்குச் சூடு, விறகடுப்புக்குத் தோதில்லை, பிறகு ஓர் அறை கூட்டிக் கட்டவும் கஷ்டம் என்று சனமும் பொறியியலாளர்களும் எதிர்த்தார்கள். வேகத்தைக் காட்டி வந்த திட்டம் இழுபட்டு இழுபட்டுக் கைவிடப்பட்டது. இந்திய வீட்டுத்திட்டத்தில் புது வீட்டுக்கு 5.5 இலட்சம் கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே போனது. ஆட்கள் தாங்களே நின்று கட்டினார்கள். என் கணக்கில் அதுதான் நல்ல வழி. ஆனால் சாமான் விலை ஏறியபோது மிச்சத்துக்கு நகை அடகுக்குப் போனது. காசுக்கு ஏற்ற அளவில் வரைபடத்தைச் சுருக்கச் சொல்ல ஆள் வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது, இருக்கிற கொட்டிலைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்திலேயே வீட்டைத் தொடங்குவது. மேட்டு நிலம் அது ஒன்றுதான் என்று மேசன் சொல்வார். 2018–19இல் தொடங்கிய வீட்டுத்திட்டங்களுக்கு, 2019 நவம்பர் ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு தவணைக்காசு நின்றது. கொட்டிலும் இல்லை, வீடும் இல்லை. கதவு யன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் நின்ற சுவருக்கு மேல் தகரத்தைப் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்து, யன்னல் ஓட்டைக்கு உரப்பை தைத்துக் குடும்பங்கள் இருந்தன. தூணுக்கு மேலே நீட்டிய கம்பி துருவேறிப்போனது. கடைசித் தவணை கைக்கு வந்து கூரை ஏறும் வரை கொட்டில் நிற்கட்டும். தேவைப்பட்டால் அத்திவாரத்தைப் பத்தடி தள்ளிப் போடலாம்.

திறப்பு விழாவுக்குத் திகதி கேட்டு வருகிறவர்களிடம், மின்சாரம் இழுத்தாயிற்றா, மலசலகூடத்துக்குக் கதவு போட்டாயிற்றா என்று கேளுங்கள். இல்லையென்றால் திகதியைத் தள்ளிவையுங்கள்.