ஷவர் தரையில் டைல்ஸ் ஒட்டும் முன்

குளியலறையில் ஷவர் பகுதிக்கு டைல்ஸ் போடப் போகிறீர்களா? டைல்ஸின் நிறத்தைவிட அதற்கு அடியில் இருக்கும் தரைக்குத்தான் அதிக கவனம் வேண்டும். டைல்ஸும், அவற்றின் இடுக்குகளை நிரப்பும் கிரவுட் கலவையும் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. இடுக்கு வழியே ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்யும். அதைத் தடுப்பது அடியில் பூசும் வாட்டர் புரூஃபிங் மட்டும்தான்.

முதலில் வாட்டம். தண்ணீர் போகும் துளையை நோக்கி, ஒரு மீட்டருக்கு சுமார் 2 செ.மீ. சரிவு வேண்டும். இதை அடித்தளத்திலேயே கொண்டுவந்துவிடுங்கள். டைல்ஸ் பசையைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யப் பார்த்தால் அங்கங்கே தண்ணீர் தேங்கும்.

வாட்டர் புரூஃபிங்கை இரண்டு கோட் பூசுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையிலும் துளையைச் சுற்றியும் வலைத்துணி வைத்துப் பூசினால், அங்கே விரிசல் விடாது. அது நன்றாகக் காய்ந்த பிறகு துளையை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கியிருந்தால் கசிவைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டு, மறுபடியும் சோதியுங்கள். அவசரம் என்று தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால், எல்லாவற்றையும் உடைக்க வேண்டியிருக்கும்.

தரைக்குச் சின்ன டைல்ஸ் நல்லது. சரிவுக்கு ஏற்றபடி உட்காரும், இடுக்குகள் நிறைய இருப்பதால் கால் வழுக்காது. அப்புறம், மூலை இணைப்புகளில் கிரவுட் வேண்டாம், சிலிகான் வையுங்கள்.