பெண் செய்த குற்றத்தை விளக்கும்போது எங்கே தவறுகிறோம்?

செய்தித் தலைப்பில் ‘கல்நெஞ்சத் தாய்’ என்று வந்துவிட்டால், அவள் என்ன செய்தாள் என்பது பின்னுக்குப் போய், எப்படிப்பட்ட பெண் என்பதே விசாரணையாகிவிடுகிறது.

பழக்கம் பழையது. 1893இல் இத்தாலிய ஆய்வாளர்கள் லொம்ப்ரோசோவும் ஃபெரேரோவும், குற்றம் செய்பவள் தாய்மை குன்றி ஆண் குணம் ஏறியவள் என்றார்கள். 1950இல் சமூகவியலாளர் ஓட்டோ போலாக், பெண்ணுக்கு வஞ்சகம் கைவந்தது, அதனால்தான் அவள் குற்றங்கள் வெளியே தெரிவதில்லை என்றார். முன்னவர்களுக்கு அவள் பெண்மை கெட்டவள். பின்னவருக்குப் பெண்மையே கேடு. வறுமை, கடன், வீட்டில் விழுந்த அடி எல்லாம் இரு தரப்பிலும் ஓரங்கட்டப்பட்டன.

அடுத்த தவறு, அவசரமாக ஆளுமைக் கோளாறு என்று பெயர் சூட்டுவது. 1989இல் ஃபோர்டு, விடிகர் என்ற ஆய்வாளர்கள் ஒரே நோயாளிக் குறிப்பைப் பாலினம் மட்டும் மாற்றி உளவியலாளர்களிடம் கொடுத்தார்கள். சமூக விரோத ஆளுமைக்கான (பிறர் உரிமையை மதிக்காமல் நடப்பது) அடையாளங்கள் இருந்தும், ‘பெண்’ என்றிருந்த குறிப்புக்குப் பலர் நாடகத்தன ஆளுமை (கவனம் ஈர்க்க உணர்ச்சியை மிகையாகக் காட்டுவது) என்று முடிவுகட்டினார்கள். நடத்தைகளைத் தனித்தனியே மதிப்பிட்டபோது அந்தச் சாய்வு காணப்படவில்லை. ஆகவே முதலில் நடத்தைகளை ஒவ்வொன்றாக, தேதியோடு எழுதுங்கள். பிறகு ‘அவள்’ வரும் இடத்தில் ‘அவன்’ போட்டுப் படியுங்கள். உறுத்தும் வாக்கியத்துக்கு ஆதாரம் தேடுங்கள், கிடைக்காவிட்டால் அடித்துவிடுங்கள்.

‘பாவம், அப்பாவி’ என்ற பரிவிலும் ஆபத்து உண்டு. நல்லெண்ணத்தோடு எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். இங்கிலாந்தில் ஆண்டுக்கணக்கில் வதைத்த கணவனை 1989இல் தீயிட்டுக் கொன்ற கிரண்ஜித் அலுவாலியாவின் மேல்முறையீடு 1992இல் ஏற்கப்பட்டது. ஆனால் கணவனின் செயல் தூண்டியதால் நிதானமிழந்தாள் என்ற தூண்டுதல் வாதம் எடுபடவில்லை. மனநிலை பாதிப்பு என்ற வழியில்தான் கதவு திறந்தது. ‘திடீரென’ நிதானமிழந்திருக்க வேண்டும் என்ற பழைய விதி, அடிபட்ட கணமே திருப்பி அடிக்கக்கூடியவருக்குத்தான் பொருந்தும். அங்கே 2009இல் வந்த சட்டம் அந்தத் ‘திடீர்’ நிபந்தனையை நீக்கியது. ஒடுங்கிப்போனவளுக்கு மட்டுமே பரிவு என்றால், எதிர்த்து நின்ற பெண்ணுக்கு அதிலும் இடம் கிடைக்காது.

குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த தாயின் வழக்கில், 1989இல் சென்னை உயர் நீதிமன்றம் நல்லதங்காள் கதையை நினைவுகூர்ந்து, நீண்ட நாள் கொடுமையால் சேர்ந்துவரும் தொடர் தூண்டுதலையும் கணக்கில் கொண்டது. இத்தகைய வழக்கைப் பற்றி எழுதும்போது தாய்ப்பாசத்தை எடைபோட வேண்டாம். அடி எப்போது தொடங்கியது, யாரிடம் முறையிட்டாள், எந்தக் காவல் நிலையம் திருப்பி அனுப்பியது, கையில் பணம் இருந்ததா என்று ஆண்டு வரிசையில் எழுதுங்கள்.